பேரி மரப் பலகை பதினொன்று

சுங்ஜு,
மார்ச் 19

அன்பு மகள் உன்சிலுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் மத்தேயுசும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே நான் இருக்கிறேன். நலம் என்று எழுதப் பழக்கதோஷத்தில் கை போனது, நிறுத்திவிட்டேன். ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் பேசுகிறோமே, இந்தக் கிழவனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். தொலைபேசியில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் பேச்சை மாற்றி அங்கே வெயில் எப்படி, கடையில் வியாபாரம் எப்படி என்று கேட்டுவிடுகிறேன், இப்படியே இரண்டு மாதம் ஓடிவிட்டது. கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. கடையில் வாடிக்கையாளர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு இதைப் படிக்காதே. வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி.

முதலில் அம்மாவைப் பற்றி. இடுப்பில் வைத்த உலோகம் எலும்போடு சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார், ஆனால் இனி நடப்பாள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பராமரிப்பு மருத்துவமனையில் ஆறு பேர் படுக்கும் அறையில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்திருக்கிறது. கஞ்சி இரண்டு மூன்று கரண்டி இறங்குகிறது. எடை முப்பத்தெட்டு கிலோ. உன் படத்தைக் காட்டினால் பார்க்கிறாள், தடவுகிறாள், பெயர் வரவில்லை. பார்வையாளர் நேரம் பகலில் ஒரு மணி நேரம்தான், நான் பஸ் பிடித்துப் போய்விட்டு வருகிறேன். இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது இனிமேல்தான் வருகிறது, அதற்குப் பலகைக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

போன செப்டம்பரில் அம்மா உடைகளில் இருக்கும் பொத்தான்களைப் பிய்த்து எடுக்க ஆரம்பித்தாள். என் சட்டை, அவள் சட்டை, கீழ் வீட்டார் காய வைத்திருந்த சட்டை, ஒன்றையும் விடவில்லை. இருபத்திரண்டு வருடம் துணி திருத்தும் கடை வைத்திருந்த கை அல்லவா, நூல் எங்கே இருக்கிறது என்று மூளை மறந்தாலும் விரல் மறக்கவில்லை. வாரத்தில் மூன்று காலை வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்துக்கொண்ட பெக் அம்மாதான் முட்டை அட்டை ஒன்றைக் கொடுத்து, "அக்கா, இதுல நெறம் நெறமா பிரிச்சு வைங்க பாப்போம்" என்று உட்கார வைத்தார். அன்று மூன்று மணி நேரம் அம்மா அசையவில்லை. முட்டை அட்டை நாலு நாளில் கிழிந்தது. பிளாஸ்டிக் டப்பா வாங்கி வந்தேன், தூக்கி எறிந்தாள். மரத்தில் செய்தால் தடவிக்கொண்டே இருப்பாள் என்று எனக்குத் தோன்றியது, மடியில் வைத்துக்கொள்ளும் அளவில், பன்னிரண்டு அறை வைத்து ஒரு பெட்டி. ரிடையர் ஆனபோது ஆபீசில் கொடுத்த ரம்பமும் இழைப்புளியும் சும்மாதான் கிடந்தன. ஒரு வாரத்து வேலை என்று நினைத்தேன். வேலை ஒரு வாரம்தான், பலகை கிடைத்தால்.

உன்சில், மெல்லிய பலகை கேட்டு இந்த ஊரில் அலைந்து பார்த்தால்தான் தெரியும். அறைகள் பிரிக்கும் துண்டுகள் நூறு வொன் நாணயம் மூன்றை அடுக்கிய கனத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் பெட்டி மடியில் கனக்கும், அறைக்குள் விரல் நுழையாது. அந்தக் கனத்தில் பைன் வாங்கினால் ஒன்றோடொன்று கோர்க்க வெட்டும் இடத்தில் பிளந்துவிடுகிறது, அம்மாவின் நகம் பட்டாலே பள்ளம் விழுகிறது. பிளைவுட் ஓரம் சிலும்பு சிலும்பாக வருகிறது, அவள் விரலில் ஏறினால் யார் எடுப்பது. கெட்டி மரம்தான் வேண்டும், அதை மெல்லிசாக யாரும் விற்பதில்லை. புறவழிச்சாலை மரக்கிடங்கில் ஒருவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இங்க லாரிக் கணக்குல குடுக்குறோம், நீங்க பென்சில் கணக்குல கேக்குறீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். பெரிய கடையில் ஒட்டுப் பலகைதான் அடுக்கி வைத்திருந்தார்கள். கீழ் வீட்டு ஹா அம்மாள் அவர் கைபேசியில் செர்ரி மரப் பலகை ஐந்து வரவழைத்துக் கொடுத்தார், படத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது, வந்த ஐந்தில் மூன்று பலகை, படகு மாதிரி குழிந்திருந்தது. நம் அபார்ட்மென்ட் குப்பை இடத்தில் ஆட்கள் தூக்கிப் போடும் அலமாரிகளைக்கூடத் தட்டிப் பார்த்தேன், மேலே மரம், உள்ளே தவிடு. காவலாளி வந்து, "மாநகராட்சி ஸ்டிக்கர் ஒட்டின சாமான், தொடாதீங்க, மீட்டர் பாத்த காலம் எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று விரட்டினான். முப்பத்தொரு வருடம் இந்த ஊரில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் தண்ணீர் மீட்டர்க்காரர் வந்திருக்கிறார் என்று திறந்துவிட்டார்கள். இப்போது குப்பையில் கை வைக்க அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் கடைசியில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அறுவை ஆலையில் நுத்தி என்கிற கெட்டி மரத்தில் கட்டை ஒன்று வாங்கி, அங்கேயே மெல்லிசாக அறுக்கச் சொல்லித் தோளில் சுமந்து வந்தேன். ஈரம். கையை வைத்தால் ஜில்லென்று இருந்தது. அறுத்துக் கொடுத்தவன் ஆறு மாதம் நிழலில் வை என்றான். அம்மாவுக்கு ஆறு மாதம் எங்கே இருக்கிறது என்று எனக்குக் கோபம். நாம் மிளகாயைக் காய வைப்பது சூடான தரையில், சோயா உருண்டையைக் காய வைப்பது சூடான தரையில், காய்ச்சல் வந்தால் ஆளையே போட்டு மூடுவது சூடான தரையில், பலகை மட்டும் என்ன ஒசத்தி என்று தரையைச் சூடாக்கும் பாய்லரைக் கூட்டி, அறையில் சூடு அதிகம் ஏறும் மூலையில் வரிசையாகப் பரப்பினேன். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் குளிர்காலப் போர்வையை இழுத்து வந்து பலகைகளுக்கு மேல் போர்த்தி, ஓரத்தைச் செருகி, உதட்டில் விரல் வைத்து, "உன்சில் அப்பா, மெதுவா நடங்க, பிள்ளைங்க இப்பத்தான் தூங்குச்சுங்க" என்றாள். நான் மெதுவாகத்தான் நடந்தேன். மூன்றாம் நாள் போர்வையை எடுத்தால் எல்லாம் நெருப்பில் காட்டிய கணவாய் மாதிரி சுருண்டு கிடந்தது. இரண்டு நடுவில் பிளந்திருந்தது. அம்மா அழுதாள், பலகைக்காகவா வேறு எதற்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

அதில் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் பழைய ரயில் நிலையத்துக்குப் பின் சந்தில் பெயர்ப்பலகை செதுக்கும் பியோ என்பவரிடம் போனேன். ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும், வாய் நீளம். பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத அறுத்தீங்களா, வறுத்தீங்களா?" என்று கேட்டார். தரையில் போட்டதைச் சொன்னேன். "நல்ல வேளை, எள்ளெண்ணெய் தடவல. தடவியிருந்தா சோறோட சாப்பிட்டிருக்கலாம்" என்று அவர் சிரிக்க, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவரிடம் பேரி மரம் இருந்தது. சாலை போட ஒரு தோப்பை அழித்தபோது வாங்கி, மூன்று வருடம் கட்டைகளுக்கு இடையில் குச்சி வைத்து, காற்றுப் போக அடுக்கிக் காய வைத்தது. பெயர்ப்பலகைக்கு அறுத்த பிறகு மிஞ்சும் ஒடுங்கிய துண்டுகளை யாரும் கேட்பதில்லையாம். அதை என் கண் முன்னாலேயே இழைத்தார், இயந்திரத்தில் மெல்லிய பலகையைத் தனியாக விட்டால் நொறுங்கிவிடும் என்று இன்னொரு தடித்த பலகையின் முதுகில் ஏற்றி அனுப்பினார். இளஞ்சிவப்பில், அம்மாவின் உள்ளங்கை மாதிரி வழவழப்பாக, பதினொரு பலகை. பெட்டிக்கு ஒன்பது போதும். வீட்டுக்குக் கொண்டுவந்து வெளித் தாழ்வாரத்துக் குளிரில் குச்சி வைத்து அடுக்கி, மேலே ஊறுகாய்ச் சாடிக்குப் பாரம் வைக்கும் கல்லை வைத்தேன். அன்று நவம்பர் 14. தேதி எனக்கு மறக்காது.

நவம்பரில் பலகை கிடைத்துவிட்டது, உன்சில். டிசம்பரில் நீ, "அப்பா, பெட்டி ஆச்சா?" என்று கேட்டபோது பலகை கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். ஜனவரியிலும் அதையேதான் சொன்னேன். பெக் அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். அவர் வரும் மூன்று காலைகளிலும் பலகை தேடப் போகிறேன் என்று தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். வாழ்நாள் முழுக்கத் தெருத்தெருவாக நடந்தவனை இரண்டு அறைக்குள் அடைத்துப்போட்டால் என்ன ஆகும் என்று நான் சாக்குச் சொல்ல வரவில்லை. ஒரு நாளில் நாற்பது தடவை இது யார் வீடு என்று அவள் கேட்பாள், நான் நாற்பது தடவை பதில் சொல்வேன், நாற்பத்தோராவது தடவை கத்திவிடுவேன், பிறகு அவள் பயந்துபோய் என்னை ஐயா என்று கூப்பிடுவாள். பியோ கடையில் யாரும் என்னிடம் எதையும் இரண்டு தடவை கேட்பதில்லை. அடுப்பு எரியும், மேலே சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகும், பொட்டலக் காபி கலக்கித் தருவார், இலந்தை மரமா வால்நட்டா எது உளிக்கு நன்றாகப் படியும் என்று பேசிக்கொண்டிருப்போம். எனக்கு வேண்டாத பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன். பெட்டியைச் செய்து முடித்துவிட்டால் வெளியே போக ஒரு காரணமும் இருக்காது. அதனால் செய்யவில்லை. என் மனதில் இருந்தது இவ்வளவுதான், இதைவிடக் கேவலமாகவும் இல்லை, நல்லதாகவும் இல்லை.

ஜனவரி 12. உன்னிடம் நான் சொன்னது, மிஞ்சின சாப்பாட்டைக் கொட்டக் கீழே போனேன், ஐந்து நிமிடம், அதற்குள் விழுந்துவிட்டாள், பெக் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட்டார் என்று. ஒன்றுகூட உண்மையில்லை. பெக் அம்மாவின் நேரம் பன்னிரண்டு மணி வரை. பன்னிரண்டு பத்துக்கு எனக்குப் போன் செய்து, "ஐயா, அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு, எங்க இருக்கீங்க?" என்றார். நான் பியோ கடையில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தேன், பஸ்ஸில் வந்தால் நாற்பது நிமிடம். "மாடிப்படி ஏறிக்கிட்டிருக்கேன்மா, நீங்க கெளம்புங்க" என்றேன். வாயில் வந்துவிட்டது. ஊரில் எல்லோரும் சொல்லும் பொய்தானே, வந்துகொண்டே இருக்கிறேன் என்பது. உடனே கிளம்பியிருந்தாலும் பரவாயில்லை. பியோ ஏதோ ஒரு கதையைப் பாதியில் விட்டிருந்தார், அது முடியட்டும் என்று உட்கார்ந்தேன், கிழங்கு வெந்துவிட்டது என்று உட்கார்ந்தேன். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். வீட்டுக் கதவைத் திறந்தபோது மணி இரண்டு ஐம்பது. தாழ்வாரக் கதவு திறந்து கிடந்தது, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு டிகிரி, துணி துவைக்கும் இயந்திரத்தடியில் ஒழுகிய தண்ணீர் உறைந்திருந்தது, அம்மா வெறுங்காலோடு அதன் மேல் கிடந்தாள், போர்வை ஒரு கையில் இருந்தது. பலகைகளுக்குப் போர்த்தப் போயிருக்கிறாள். அம்மா தரையில் தட்டும் சத்தம் கேட்டு ஹா அம்மாள் மேலே வந்து கதவைத் தட்டியிருக்கிறார், பதில் இல்லை என்று போய்விட்டார். அம்மா எவ்வளவு நேரம் தட்டினாள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

பெக் அம்மா கிளம்பும்போது, "அக்கா, ஐயா மாடிப்படி ஏறிக்கிட்டிருக்காராம், இதோ வந்துருவாரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது அவளுக்குள் தங்கிவிட்டது. உன் பெயர் போய்விட்டது, தன் பெயர் போய்விட்டது, இது போகவில்லை. மருத்துவமனையில் ஊசி போட வருகிறவர், தரை துடைக்க வருகிறவர், எல்லோரிடமும், "அவர் மாடிப்படி ஏறிக்கிட்டிருக்காரு" என்கிறாள். அதைச் சொல்லும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நர்ஸ் பெண் அதைக் கேட்டு, "தாத்தா மேல பாட்டிக்கு எவ்வளவு பாசம் பாருங்க" என்றது. நான் வராந்தாவுக்குப் போய் நின்றேன்.

நான் சொன்ன பொய்யை நம்பி நீ அங்கிருந்து, பெக் அம்மாவை அனுப்பிவைத்த பராமரிப்பு நிலையத்துக்குப் புகார் எழுதினாய். பெக் அம்மாவுக்கே போன் செய்து, உங்கள் அம்மாவாக இருந்தால் இப்படி விட்டுப்போவீர்களா என்று கேட்டாய். நீ கேட்டதில் தப்பில்லை, என்னைத்தான் கேட்டிருக்க வேண்டும். நிலையத்தில் அவரை எல்லா வீடுகளிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை அவர் வீட்டைத் தேடிப் போனேன். மொட்டைமாடியில் ஒற்றை அறை. என்னைப் பார்த்ததும் உள்ளே வரச் சொன்னார், உட்காரச் சொல்லவில்லை. பன்னிரண்டு பத்துக்கு என்னோடு பேசியது அவர் போனில் பதிவாகி இருக்கிறதே, அதைக் காட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்குமே, ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "உங்க பொண்ணு அவ்வளவு தூரத்துல கெடக்கு ஐயா. அழுதுகிட்டே திட்டுச்சு. அதுக்கு யார் மேலயாவது கோபப்படணும். உங்க மேல கோபப்பட்டா அப்பறம் அப்பான்னு யார்கிட்ட பேசும்? நான் வெளியாளு, திட்டுனா போகட்டும்னு இருந்தேன்" என்றார். பிறகு அவரே, "ஆனா ஐயா, ரெண்டு மாசம் தாங்குனேன், இனிமே தாங்காது. எனக்கு வேற தொழில் தெரியாது. வயசானவங்கள விட்டுட்டு ஓடுனவள்னு பேர் வந்தா இந்த ஊர்ல யார் வீட்டுக்குள்ள விடுவா? நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளே நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். அங்கே இருந்த அதிகாரி படித்துவிட்டு, வயதானவர், குழம்பியிருப்பார் என்ற மாதிரி என்னைப் பார்த்தார். புகார் மகள் பெயரில் இருக்கிறது, மகள்தான் திரும்பப் பெற வேண்டும், இந்த மாதம் முடிவதற்குள் வராவிட்டால் பெக் அம்மாவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்றார். அதனால்தான் வேகத் தபாலில் இதை அனுப்புகிறேன். எட்டு நாளில் வந்துவிடும் என்கிறார்கள். வந்ததும் உனக்கு மூன்று நாலு நாள்தான் இருக்கும். போனில் சொல்லி முடித்திருக்கலாம், தைரியம் வரவில்லை, அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள். பலகைகளைப் பற்றிக் கேட்பாய் என்றால், பதினொன்றும் அப்படியே இருந்தன, ஒன்றுகூட வளையவில்லை. பியோவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார், பெட்டி தேவைப்படவில்லை என்றேன். அதற்குப் பிறகு அந்தச் சந்துப் பக்கம் போகவில்லை.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுத வரவில்லை. மன்னிப்பது மன்னிக்காதது உன் விருப்பம், அவசரமும் இல்லை. டிக்கெட் போட்டு ஓடி வராதே, கடையையும் பிள்ளையையும் பார். இனிமேல் யாராவது உன்னிடம் உன் அப்பா எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்று சொன்னால் ஆமாம் என்று தலையாட்டாதே, அது மட்டும் போதும். மாப்பிள்ளைக்கு முதுகுவலி இருந்தால் மூட்டை தூக்க விடாதே. மத்தேயுஸ் நன்றாகப் படிக்கட்டும், நம் மொழியில் நாலு வார்த்தையாவது பேசட்டும். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் ஒளிக்க ஒன்றும் இல்லாமல், பல வருடம் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதுதான் இந்த அப்பாவின் ஆசீர்வாதம்.

நிலையத்தின் முகவரியும் பெக் அம்மாவின் தொலைபேசி எண்ணும் தனித்தாளில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். நிலையத்துக்கு எழுதிவிட்டு, அவரைக் கூப்பிடு. அக்கா என்று கூப்பிட்டுப் பேசு, அவர் உன்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அது அடிக்காமல் போனால், நீ அவரோடு பேசிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் அப்பா,
பே க்யுசிக்